வேலி எடுத்த இடத்துப் புல்

தம்பி, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் ஓரம் பிரித்து ஒட்டியது போல இருந்தது. யுத்த காலத்தில் ராணுவ வேலையில் இருப்பவர்களின் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்று உன் அப்பா சொன்னார். இருக்கலாம். ஆனாலும் தபால்காரர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். கடிதத்தில் நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். ஜபல்பூரில் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டின் முன்னால் புல்தரை இருக்கிறது, குளிர்காலம் வந்தால் அது பழுத்துப் போய்விடும் என்கிறார்கள், மதுரையில் அப்பா ஐப்பசிக்கு முன்னால் புல்லுக்கு என்னென்னவோ செய்வாரே, அதையெல்லாம் எழுதுங்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறாய். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, நெருக்கி எழுதிய ஒரு வரியில், பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளைக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டிருக்கிறாய். புல்லைப் பற்றி அவ்வளவு எழுதியவன் பெண்ணைப் பற்றி ஒரு வரியில் முடித்தால், அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினான் என்று எனக்குத் தெரியாதா? நான் உன்னைப் பெற்றவள்.

இருந்தாலும் நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் புல். புரட்டாசி பிறந்ததும் உன் அப்பா செய்கிற முதல் வேலை கோரை பிடுங்குவது. கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு கிடக்கும். ஈரம் பார்த்து, சிறிய கம்பியால் கிளறி, கிழங்கோடு எடுக்க வேண்டும். அடுத்து, ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன இடங்களில் கடப்பாரை நுனியால் குத்திக் குத்தி ஓட்டை போட வேண்டும். மாடக்குளம் கண்மாய் வற்றியிருக்கும்போதே எடுத்துக் காயவைத்த வண்டலையும், ஆற்று மணலையும், நன்றாக மட்கிய எருவையும் சேர்த்துச் சலித்து, புல்லின் நுனி வெளியே தெரிகிற அளவுக்கு மெல்லத் தூவ வேண்டும். எரு யார் கொடுத்தாலும் வாங்கிவிடாதே. இலவசமாகக் கொடுக்கிறேன் என்றால் வாங்கவே வாங்காதே. அவர்கள் வீட்டுக் களை விதையெல்லாம் அதோடு உன் வீட்டுக்கு வந்துவிடும். தரை தெருப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழை இரண்டு நாள் தேங்கினால் வேர் அழுகும். மார்கழிப் பனியில் புல்லை ஒட்ட வெட்டக் கூடாது, காலையில் பனி உலர்வதற்கு முன் அதன் மேல் நடக்கவும் கூடாது. இதெல்லாம் மதுரைக் கணக்கு. உங்கள் ஊர்க் குளிர் வேறு, மண் வேறு. அங்கே இருக்கிறவர்களையும் கேட்டுக்கொள். ஒருவரை மட்டும் கேட்காதே. இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேள். இருவரும் ஒன்றையே சொன்னால், அவர்கள் இருவரும் சிநேகிதர்களா என்று விசாரி.

நீ சிரிப்பாய். உன் அப்பாவும் நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார். என்னுடைய சுபாவம் உங்கள் இருவருக்கும் எப்போதும் ஒரு வேடிக்கை. நான் வாடிப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். பருத்தித் தரகர் எங்கள் களத்துக்கு வருவார். வாய் நிறைய மாமா மச்சான் என்று உறவு சொல்லுவார். மோர் வாங்கிக் குடிப்பார். தராசில் பொதியை ஏற்றும்போது அவர் கால் பெருவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே என் அய்யா என்னைத் தராசுக்குக் கீழே உட்கார வைப்பார். நான் பார்த்திருக்கிறேன். மனிதர் முகத்தில் சிரிப்பு மாறாது, விரல் மட்டும் எடைக்கல் தட்டின் மேல் மெல்ல இறங்கும். அன்றிலிருந்து சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் என் கண் தானாகக் கீழே போய்விடும். அதை இனிமேல் மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய அவசியமும் எனக்கு வந்ததில்லை.

அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக ஒரு பருத்தித் தரகர் வந்து சேர்ந்தார். சோலைமலை அண்ணன் அந்த வீட்டை வாங்கியபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். காளவாசலுக்கு இந்தப் பக்கம் அப்போது இந்த இரண்டு வீடுகள்தான் அருகருகே. சுற்றிலும் சோளக்காடு. அவர் மனைவி அதற்கு முந்தைய வருஷமே காய்ச்சலில் தவறியிருந்தார். ஒரே பெண், வெள்ளையம்மாள். அவர்கள் வீட்டுக் கிணறு உவர்ப்பு. பருப்பு வேகாது. நம் கிணறு நல்ல தண்ணீர் என்பது உனக்குத் தெரியும். முதல் நாளே அவர் வந்து, "தங்கச்சி, குடிக்க ரெண்டு கொடம் மட்டும்" என்று கேட்டார். தண்ணீருக்கு யாராவது இல்லை என்பார்களா? அந்தப் பெண் தினமும் காலையில் குடத்தோடு வரும். அதிகம் பேசாது. என்னை அத்தை என்று கூப்பிடும், இறைக்கும், போய்விடும். குடம் எடுத்துப் போகிற வழியில் சிந்தாமல் போகும். இதையெல்லாம் நான் கவனித்தேன். நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனித்தேன். பார்க்கவில்லை.

இனி நான் சொல்லப் போவது நீ சென்னையில் படிக்கப் போன வருஷம் நடந்தது. விடுமுறையில் வந்து பார்த்தபோது இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி மறுபடியும் நின்றது, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. ஏன் என்று கேட்டாய். உன் அப்பா, "ஒண்ணுமில்லப்பா, மாடு வருது" என்று சொல்லிவிட்டார். மாடு வரவில்லை.

உன் அப்பாவுக்குப் புல்தரை மேல் ஆசை வந்தது மில் துரையின் பங்களாவைப் பார்த்து. அங்கே கணக்கெழுதப் போகிறவர் புல்லைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் துரையிடமே கேட்டு, கூடை நிறையப் புல் கொண்டுவந்து நட்டார். மெல்லிய இலை, கிட்ட நின்று பார்த்தால் தலைமுடி போல இருக்கும். சோலைமலை அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு முன்னாலும் நட்டார். அவர் கொண்டுவந்தது கண்மாய்க் கரைப் புல், கொஞ்சம் அகல இலை. அந்த வருஷம் தை மாதத்தில் அவர் உன் அப்பாவிடம் வந்து, "மாப்ள, நடுவுல இந்தக் கிளுவை வேலி எதுக்கு? எடுத்துட்டா ரெண்டும் ஒரே புல்வெளியாப் பங்களா கணக்கா இருக்கும்ல" என்றார். உன் அப்பாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் அடுப்படியிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் வேலியை எடுத்துவிட்டார். வேலி எடுத்த இடம் முழுக்கத் துரை பங்களாப் புல்லையே பார்த்துப் பார்த்து நட்டார். பழைய வேலிக்கு நடுவில் நின்ற எல்லைக் கல் மட்டும் புல்லுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. நம் கிணறு அந்தக் கல்லுக்கு நம் பக்கம், கொஞ்சம் தள்ளித்தான்.

வேலி இருந்தவரைக்கும் எனக்குச் சந்தேகம் ஒரு பங்கு. வேலி போன பிறகு மூன்று பங்கு. சோலைமலை அண்ணன் சாயங்காலம் நம் புல்லில் நாற்காலி போட்டு உட்காருவார். உன் அப்பாவோடு பேசிக்கொண்டே கிணற்றைப் பார்ப்பார். கிணற்றைப் பார்ப்பது குற்றமா என்று உன் அப்பா கேட்டார். குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதன் எதைப் பார்க்கிறான் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான். ஆடியில் என் தம்பி மகள் சடங்குக்கு நாங்கள் வாடிப்பட்டிக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்தான் சாவி வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் பெட்டி, பாத்திரம், நெல் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அது எனக்கு இன்னும் கவலையாகத்தான் இருந்தது.

புரட்டாசி வந்தது. புல்லுக்கு மழைக்கால வேலை தொடங்க வேண்டும். ஒரு காலையில் சோலைமலை அண்ணன் வந்து, "இந்த வருசம் நீ அலையாத மாப்ள. வண்டல் நான் அடிச்சுப் போடுறேன். எங்க ஆளுகளே ரெண்டு பக்கமும் சேத்துச் செஞ்சிருவாங்க. கல்லுப் பக்கம் மட்டும் கெளற வேணாம், புல்லு நல்லாப் புடிச்சிருக்கு" என்றார். உன் அப்பா சரி என்றார். நான் குறுக்கே வந்து, "எங்க பக்கத்தை எங்க ஆளே செய்யட்டும்ண்ணே. இவருக்குத் தன் கையால செஞ்சாத்தான் திருப்தி" என்றேன். அவர் சிரித்தார். என் கண் கீழே போயிற்று. வலது காலின் பெருவிரலால் புல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லா இடத்தையும் விட்டுவிட்டு ஒரு மனிதர் ஏன் கல்லுப் பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும்?

இரண்டு நாள் கழித்து, சங்கடஹர சதுர்த்தி அன்று, வெள்ளையம்மாள் பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்க வந்தது. வழக்கமாகத் தன் வீட்டுப் பக்கமே பறித்துக்கொள்ளும். அன்று நம் பக்கம் வந்து, வேலி எடுத்த இடத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தது. நான் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னது.

"அத்தை, இந்த எடத்துல மட்டும் எங்க வீட்டுப் புல்லு இருக்கு."

"எந்த எடத்துல?"

"இந்தா, இந்தச் சதுரத்துல. உங்க புல்லு மெல்லிசு. இது அகலம்."

கிள்ளிய புல்லை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டது. நான் ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். உண்மைதான். நம் புல்லுக்கு நடுவே, ஒட்டுப் போட்ட துணி மாதிரி, ஒரு முழம் சதுரத்துக்குக் கண்மாய்க் கரைப் புல். கல்லோ அதிலிருந்து நம் வீட்டுப் பக்கம் தள்ளி நின்றது. கல்லிலிருந்து தெருவுக்கு நேர்கோடு போட்டால் கிணறு அவர் பக்கம் போய்விடும். நான் என் கண்ணையே நம்பவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். வேலி எடுத்த பிறகு அந்த ஜன்னலில் நின்றால் கல்லும் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகைத் தூணும் ஒரே நேரில் தெரியும். இப்போது தெரியவில்லை. முதலில் எனக்குச் சோலைமலை அண்ணன் மேல் கோபம் வரவில்லை தம்பி. அந்தப் பெண் மேல்தான் சந்தேகம் வந்தது. இது ஏன் என்னிடம் வந்து சொல்கிறது? விவரம் தெரியாமல் சொல்கிறதா? இல்லை, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்து வரச் சொல்லி அப்பன் அனுப்பினானா?

மத்தியானம் உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. கல்லு என்ன, கால் மொளச்சு நடந்தா போகும்?"

"நடக்காதுல்ல? அப்ப யாரோ தூக்கிட்டுப் போயிருக்கணும்."

"சோலைமலை அப்படிப்பட்ட ஆளு இல்ல. அம்புட்டு நல்ல மனுசன். ஒரு புல்லு அகலமா இருக்குன்னு ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். தோண்டிப் பாப்பேன்."

உன் அப்பா எனக்கு எதிராக எதுவும் செய்யவில்லை, எனக்காகவும் எதுவும் செய்யவில்லை. நான் வேலைக்கு வருகிற வீரணனிடம் மறுநாள் காலையே மண்வெட்டியோடு வரச் சொன்னேன். அவன் சோலைமலை வீட்டிலும் வேலை செய்கிறவன். கல்லை நட்ட கை அவன் கையாக இருக்குமோ என்று அவனையும் முகம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காலையில் சோலைமலை அண்ணன் வழக்கம்போல வந்து உன் அப்பாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்த பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "வீரணா, அந்த அகலப் புல்லு களை மாதிரி நிக்குது. மழைக்கு முன்னாடி வேரோட எடுத்துட்டு நம்ம புல்லை வைக்கணும். ஆழமா வெட்டு" என்றேன்.

"அது எதுக்கு தங்கச்சி? நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர்.

"கோரைக்கிழங்கு அடியில இருக்கும்ண்ணே."

வீரணன் வெட்டினான். புல் பாய் சுருட்டுவதுபோல உரிந்து வந்தது. வேர் மண்ணோடு ஒட்டவே இல்லை. அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்ததும் மண்வெட்டி டங்கென்று தட்டியது. உன் அப்பா குனிந்து கையால் மண்ணை ஒதுக்கினார். வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரை வளையம். நடுவில் கல்லின் அடிப்பகுதி இருந்த குழி, நான்கு மூலையும் அச்சு மாதிரி. வீடு கட்டியபோது மாடு உரசிக் கல் சாயக் கூடாது என்று காளவாசல் சூளையில் சுண்ணாம்பு வாங்கிவந்து, கொத்தனாரை வைத்து அதன் காலில் காரை போடச் செய்தவர் உன் அப்பாவேதான். கல்லைப் பிடுங்கியவர்கள் காரையைப் பிடுங்க முடியாமல் மண்ணைப் போட்டு மூடி, மேலே பக்கத்து வீட்டுப் புல்லை ஒட்டியிருக்கிறார்கள்.

சோலைமலை அண்ணன் கையில் காப்பி டம்ளர். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"மாப்ள, ஆடிக் காத்துல கல்லு சாஞ்சு கெடந்துச்சு. எங்க ஆளுக தூக்கி நட்டாங்க. எடம் தப்பியிருக்கும்."

உன் அப்பா மண்ணில் குந்தியபடியே இருந்தார். அவர் முகத்தை அன்றைக்குப் போல நான் என்றும் பார்த்ததில்லை. கோபம் இல்லை. சொந்த வீட்டில் வழி தெரியாமல் நிற்கிறவர் மாதிரி இருந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "இருக்கும் மச்சான். வீரணா, அந்தக் கல்லை எடுத்து இதுல வை" என்றார். கல் குழியில் இறங்கி, அசையாமல் உட்கார்ந்தது. சோலைமலை அண்ணன் டம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே அவர் ஆட்கள் வந்து கிளுவைக் கம்பு ஊன்றி வேலி போட்டார்கள்.

மறுநாள் காலையில் குடம் வரவில்லை. நான் எதிர்பார்த்தேன். வந்தால் இறைக்க விடுவதா வேண்டாமா என்று யோசித்து, விடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். வரவே இல்லை. அவர்கள் அந்த உவர்ப்புத் தண்ணீரையே குடித்தார்கள். நாள் கிழமைக்கு வண்டித் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று அந்த வருஷம் நம் புல் நன்றாகத்தான் வந்தது. பனியில் வெள்ளிப் பொடி தூவியது போல நின்றது. ஆனால் உன் அப்பா அதில் நாற்காலி போடவில்லை. நான் வேலி வழியாக அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். அது என்னைப் பார்க்காது. வருஷம் போயிற்று. அது படித்து, பயிற்சி முடித்து, டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள்.

இப்போது நீ எழுதிய வரிக்கு வருகிறேன். சித்திரையில் நீ லீவில் வந்தபோது வேலியோரம் கனகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்ற உனக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று அப்போதே நினைத்தேன். கேட்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். கல்லை நகர்த்தி எடுக்க முடியாத கிணற்றைச் சோலைமலை அண்ணன் பெண்ணைக் கொடுத்து எடுக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. நீ ஒரே பிள்ளை. நாளைக்கு இந்த வீடும் கிணறும் உனக்குத்தான். இதைவிடச் சுலபமான வழி அவருக்கு ஏது? அன்றைக்கு அந்தப் பெண் என்னிடம் சொன்னதுகூட, பின்னால் ஒரு நாள் உதவும் என்று போட்டு வைத்த விதைதானோ என்று யோசித்தேன். பதினாறு வயசுப் பெண்ணைப் பற்றி இப்படி யோசிப்பதா என்று உன் அப்பா கேட்டார். அதே பதினாறு வயசில் நான் தராசுக்குக் கீழே உட்கார்ந்து எவ்வளவு யோசித்தேன் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். வெள்ளையம்மாள் என்னைப் பார்த்ததும் நின்றது. பிள்ளைகள் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு கிட்டே வந்தது. மதிலோர வேம்பின் நிழலில் நின்று பேசினோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு அருகம்புல்லு பறிக்க வந்து ஒண்ணு சொன்னியே. வெவரம் தெரிஞ்சு சொன்னியா, தெரியாமச் சொன்னியா?"

"தெரிஞ்சுதான் அத்தை."

"என்ன தெரியும் உனக்கு?"

"நீங்க வாடிப்பட்டி போயிருந்தப்ப வெடியக்காலம் கல்லைப் புடுங்கினதை நான் பாத்தேன். அப்பா வீட்டை விக்க நெனைச்சு, வாங்க வந்த ஒரு ஆளு பாத்துட்டுப் போயிருந்தாரு. தண்ணி உவர்ப்புன்னு வேணாம்னுட்டாரு. அப்பாவுக்கு அந்த வருசம் வியாபாரம் படுத்துருச்சு."

"பெத்த அப்பனைக் காட்டிக் குடுத்தியே, பொண்ணாப் பொறந்தவ அதைச் செய்யலாமா?"

நான் வேண்டுமென்றே அப்படிக் கேட்டேன். அதன் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் உடையவில்லை.

"தெனமும் உங்க கெணத்துத் தண்ணியைத்தான் குடிச்சேன். அந்தக் குடத்தைத் தூக்கிட்டு அந்தக் கல்லு இருந்த எடத்தைத் தாண்டித் தாண்டிப் போக என்னால முடியலை. அப்பாகிட்ட நேராச் சொல்லிப் பாத்தேன். நீ சின்னப் புள்ள, வாயை மூடுன்னாரு. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன்."

"நீதான் சொன்னேன்னு அவருக்குத் தெரியுமா?"

"கல்லைத் திரும்ப நட்ட அன்னைக்கே நானே சொல்லிட்டேன். அடிக்கலை. அந்தப் பனிக்காலம் முழுக்க என்னோட பேசலை. நான் சோறு வச்சாத் திம்பாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. பொங்கலுக்கு மொத நாள்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

எத்தனையோ கேள்வி யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கேட்டேன், விடவில்லை. என் பிள்ளையோடு எப்போதிருந்து பேச்சு என்று கேட்டேன். சித்திரையிலிருந்து என்று சொன்னது. சோலைமலை அண்ணன் சொல்லித்தான் பேசினாயா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குக் கோபப்படும் என்று எதிர்பார்த்தேன். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லை. ஆனா நீங்க அப்படித்தான் நெனைப்பீங்கன்னு உங்க மகன்கிட்டச் சொன்னேன். அம்மா அப்படியெல்லாம் நெனைக்க மாட்டாங்கன்னாரு. உங்களைப் பத்தி உங்க மகனுக்கு அம்புட்டாத் தெரியலை அத்தை" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். உன் அப்பாவுக்கும் உனக்கும் இத்தனை வருஷத்தில் தெரியாததை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே ஒருத்தி தெரிந்து வைத்திருக்கிறாள்.

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அந்த மனிதரை நான் இன்னும் நம்பவில்லை. கல்யாணம் ஆனாலும் வேலி நிற்கும். உன் அப்பா அதை எடுக்கலாம் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார், அது நடக்காது. ஆனால் அவருடைய பெண்ணை நான் நம்புகிறேன். அவள் செய்ததை என்னால் என் அய்யாவுக்குச் செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். தரகர் விரலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் விரல் எங்கே இருந்தது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் தெருவழியாகச் சுற்றிப் போனோம். சோலைமலை அண்ணன் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். மனிதர் இளைத்திருக்கிறார், மீசை முழுக்க நரைத்துவிட்டது. உன் அப்பா, "மச்சான், உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவர் வழியை விட்டு நகர்ந்தார். உட்கார்ந்தோம். நான்தான் பேசினேன். பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறோம் என்றேன். அவர் தட்டைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் செஞ்சது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்திருக்கே."

"உங்க வீட்டுக்கு வரலைண்ணே. அவளுக்காக வந்திருக்கேன்."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உன் அப்பா என் காலை மிதித்தார். சோலைமலை அண்ணன் கோபப்படவில்லை. தலையைத் தலையை ஆட்டினார். உள்ளே அவள் காப்பி கலக்கிற சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "குடுக்குறேன். சந்தோசமாக் குடுக்குறேன். ஆனா உம் மகனுக்கு ஒண்ணு எழுதிரு தங்கச்சி. அவகிட்ட எதையும் மறைக்க முடியாது. மறைச்சா நமக்குத் தூக்கம் போயிரும். நான் பட்டிருக்கேன்."

அவர் சொல்லி நான் நம்பிய முதல் வார்த்தை அது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். தை மாதம் முகூர்த்தம். லீவு கேட்டு வை.

அம்மா